மருந்துக்குத் தடை இல்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை குகன் அண்ணை சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் கம்பளத்தில் நின்றபடியே ஒரு கடதாசியை நீட்டினார். வெளியில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. சப்பாத்தைக் கழற்றினால் திரும்பப் போட்டுக்கொள்ள நேரம் பிடிக்கும், ரொக்ஸ்பரோவில் இன்னும் பத்து வீடு இருக்கிறது, அதற்குப் பிறகு லவாலுக்கும் போகவேண்டும் என்றார். சங்கத்து வேலை என்றால் அவருக்கு முழங்கால் வலியும் தெரியாது.

“தங்கச்சி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். தம்பி நேற்றே கடையடியில வைச்சிட்டார்.”

தம்பி என்றது என் கணவரை. பார்த்தேன். முதல் வரியிலேயே அவருடைய வால் நீண்ட கையெழுத்து. எதை வாசித்துவிட்டு வைத்தாரோ தெரியாது. மீன் வாங்கப் போன மனுசன்.

கடதாசியில் இருந்தது இதுதான்: இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்கும்படி கனடிய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

“மருந்து என்ன மாதிரி அண்ணை?”

“அதெல்லாம் யோசிக்காமல் விடுவமே? கடைசி வரியை வாசியுங்கோ. மருந்துக்குத் தடை இல்லை எண்டு வடிவாய்ப் போட்டிருக்கு.”

வாசித்தேன். போட்டுத்தான் இருந்தது. என் முகம் மாறியதை அவர் கண்டிருக்கவேண்டும். தேத்தண்ணி வேண்டாம், நேரமில்லை என்று அவரே சொன்னார். நான் கேட்கவேயில்லை.

“விட்டிட்டுப் போங்கோ. வாசிச்சிட்டு வாற ஞாயிறு தாறன்” என்றேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் திமிர் பிடித்தவளாகத் தெரியலாம். வருகிற மாதத்தோடு இங்கு வந்து முப்பது வருஷம். குளிர்நாட்டில் குந்தியிருந்துகொண்டு ஒரு கையெழுத்து வைக்க உனக்கென்ன கஷ்டம் என்பீர்கள். எனக்குக் கஷ்டம் அந்தக் கடைசி வரியில்தான். அந்த மூன்று சொற்களை என் வாழ்க்கையில் நான் போதுமான அளவு கேட்டுவிட்டேன். 

2

முதலில் கேட்டது யாழ்ப்பாணத்தில். கலியாணத்துக்கு முன் நான் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை செய்தேன். யன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வரிசை. வடக்குக்கு அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம் அது. பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி, பெற்றோல், உரம் என்று வரக்கூடாத சாமான்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் சில ஏன் இருந்தன என்று கடவுளுக்கும் தெரியாது.

மருந்து அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அதுதான் விசேஷம். எங்கள் பெரிய டொக்டர் கொழும்புக்குக் கடிதம் எழுதுவார். “மருந்துக்குத் தடை இல்லை” என்று மரியாதையாகப் பதில் வரும். மருந்து மட்டும் வராது. அனுமதிக்குக் கிடக்கிறது, கப்பலுக்குக் கிடக்கிறது, சோதனைக்குக் கிடக்கிறது. வந்து சேரும்போது கேட்டதில் ஒரு பங்குதான் இருக்கும், அதிலும் பாதி திகதி முடிந்திருக்கும். தடை போட்டவனைத் திட்டலாம். தடையே இல்லை என்பவனை எங்கே போய்த் திட்டுவது?

வலிப்புக் குளிசை முடியும் நிலைக்கு வந்தபோது, இருப்பதை நீட்டிக் கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. பாதியாக வெட்டிக் கொடுத்தோம். ராசமலர் என்று ஒரு இளம் தாய் மாதம் தவறாமல் வருவாள். பச்சை மட்டை போட்ட கிளினிக் கொப்பியை இரண்டு கையாலும் நீட்டுவாள். இரண்டு மாதம் பாதிக் குளிசையோடு போனாள். மூன்றாம் மாதம் அவளுடைய கணவர் வந்து, இனி இது தேவைப்படாது என்று கொப்பியை யன்னலில் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் அள்ளும்போது வலிப்பு வந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள்.

ஷெல் விழுந்து செத்தவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது. ராசமலரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கிணற்றில் விழுந்தவளை யார் கொன்றதாக எழுதுவது?

அந்தக் காலத்தில் கொஞ்சமாவது மருந்து வந்ததென்றால் அது களவாகத்தான். கடல்நீரேரியைப் படகில் கடந்து வரும் பெண்கள் கொண்டுவருவார்கள். பெட்டியைக் கிழித்து, தகட்டில் இருந்து குளிசைகளைத் தள்ளியெடுத்து, பால்மா ரின்னுக்குள் புதைத்து, மேலே மாவைப் போட்டு மூடிவிடுவார்கள். சோதனையில் நிற்பவனின் கண் பெட்டியையும் பெயரையும்தான் தேடும். பெயரைத் தொலைத்தால் மருந்து தப்பும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்த மாவை அரித்து அரித்து நானே படித்தேன். பின்னர் இந்தப் படிப்பினால் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

3

இங்கே மொன்றியலில், சென் லோரன் பக்கம் நான் ஒரு தொழிற்சாலையில் விற்றமின் குளிசைகளைப் போத்தலில் அடைக்கிறேன். குளிசை என்னை விடுகிறதாக இல்லை. ஒரு நாளில் என் கையால் போகும் விற்றமினை எங்கள் ஆஸ்பத்திரி ஒரு வருஷத்திலும் கண்டிருக்காது. மூடி சரிந்த போத்தல், லேபல் கோணலாக ஒட்டிய போத்தல் எல்லாம் அப்படியே குப்பைக்குள். முதல் கிழமை அதைப் பார்த்து அழுதேன். இப்போது நானே எறிகிறேன்.

எனக்குப் பக்கத்தில் நிற்பவள் பர்வீன். ஈரான்காரி, ஷிராஸ் நகரத்தாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருப்பது அரைகுறைப் பிரெஞ்சு. இருவரும் ஒரே பிழைகளை விடுவதால் நன்றாக விளங்கும். அவள் தன் நாட்டு அரசுக்குப் பயந்து ஓடிவந்தவள். அந்த அரசை அவள் திட்டுவதுபோல் இங்குள்ள எந்த அமைச்சரும் திட்டியிருக்கமாட்டார்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள். அவளுடைய அண்ணனின் மகள் ஷிரின். பன்னிரண்டு வயது. சிறு வயது முதல் வலிப்பு. வெளிநாட்டுக் குளிசை ஒன்று அவளுக்கு ஒத்துக்கொண்டு, நான்கு வருஷம் வலிப்பு இல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது ஈரான் மீது வெளிநாடுகள் போட்ட பொருளாதாரத் தடையால் அந்தக் குளிசை கடைகளில் இல்லை. உள்ளூர்க் குளிசை அவளுக்கு ஒத்துவரவில்லை. மறுபடி வலிப்பு வரத் தொடங்கிவிட்டது.

“அரசாங்கத்துப் பெரியவங்கட பிள்ளையளுக்குக் கிடைக்குது” என்றாள் பர்வீன். “தடை எங்கட அண்ணனுக்குத்தான்.”

துருக்கியில் ஒரு மருந்துக்கடைக்காரர் அந்தக் குளிசையை வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இவள் இங்கிருந்து அவருக்குக் காசு அனுப்பப் போனாள். எதற்கு என்ற இடத்தில், பாவி, உள்ளதைச் சொல்லி எழுதிவிட்டாள்: ஷிராஸில் உள்ள மருமகளுக்கு மருந்து. வங்கி காசை மறித்தது, கணக்கையும் முடக்கியது. இருவருமாக அரசாங்கத்துத் தொலைபேசி எண்ணுக்கு அடித்தோம். பிரெஞ்சுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, பிறகு வாத்தியம், பிறகு மறுபடி ஒன்று. இரண்டு மதியச் சாப்பாட்டு நேரம் அப்படியே போனது. கடைசியில் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

பர்வீன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். வசனம் நீளமாக, மரியாதையாக, தலையும் வாலும் வைத்து இருந்தது. ஆனால் நான் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். மருந்துக்குத் தடை இல்லை.

கொழும்பில் தட்டச்சில் அடித்த அதே கையே மொன்றியலுக்கும் வந்து அடித்ததோ என்று இருந்தது. இந்த வசனத்தை எழுதுகிறவர்களின் வீடுகளில் ஒருவருக்கும் வலிப்பு வருவதில்லைப் போலும்.

4

என் மகள் அபிராமி டவுன்டவுனில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். பர்வீனின் வங்கி அல்ல, வேறொன்று. அவளுடைய வேலை என்னவென்று எனக்குப் பல வருஷமாகச் சரியாக விளங்கியதில்லை. கலியாண வீடுகளில் கேட்டால் “பாங்கில பெரிய வேலை” என்று சொல்லி வந்தேன். பர்வீனுக்குப் பதில் வந்த அன்றிரவு, சாப்பிடும்போது அவளுடைய கதையைச் சொன்னேன்.

“அம்மா, மருந்துக்குத் தடை இல்லை. சட்டத்தில கிளியராய் இருக்கு” என்றாள்.

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்!

“அப்ப ஏனடி மறிச்சவை?”

“ரிஸ்க். ஸ்கிரீனில அந்த நாட்டின்ர பெயர் வந்தால் சிவப்பாய்க் காட்டும். காசை விட்டுப் பிறகு பிழையாய்ப் போனால் எங்களுக்கு ஃபைன். மறிச்சால் ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம்.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “நான் அதுதானேம்மா செய்யிறன்.”

“நீ மறிக்கிறனியோ? வருத்தக்காரற்ற மருந்துக் காசை?”

அபிராமிக்குக் கோபம் வந்தால் தமிழ் கைவிட்டுவிடும். முதலில் ஆங்கிலத்துக்குப் போவாள், இன்னும் கோபம் வந்தால் பிரெஞ்சுக்கு. அன்று நேரே பிரெஞ்சுக்குப் போனாள். தான் சட்டத்தை எழுதவில்லையாம். தனக்கு மேலே ஒருத்தியாம், அவளுக்கு மேலே ஒருத்தனாம். ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது தெரியுமா, ஒவ்வொன்றின் பின்னாலும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா. அது தன் வேலையாம், வேலை மட்டும்தானாம்.

எனக்கு அவள் மேல் அருவருப்பு வந்தது. பெற்ற பிள்ளை மேல் அப்படி வந்தது என்று எழுதக் கூசுகிறது, ஆனால் வந்தது. கடல்நீரேரிக் கரையில் மா ரின்னைக் கொட்டிக் கிளறியவனிடம்கூட எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. அவன் வெயிலில் நின்றான். இவள் கோப்பி குடித்துக்கொண்டு செய்கிறாள். இதை அப்படியே அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இரண்டு மாதம் எங்களுக்குள் “போறன்”, “வாறன்” மட்டும்தான்.

5

இனி நான் செய்த காரியம்.

மார்கழியில் ஒரு வழி திறந்தது. இங்குள்ள ஒரு டொக்டர், ஷிராஸ் டொக்டரின் கடிதத்தைப் பார்த்து, ஷிரினின் பெயரிலேயே மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். மனிதர். ஐந்து மாதத்துக்குக் குளிசை. பர்வீனுக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் ஊருக்குப் போக இருந்தார், கொண்டுபோகச் சம்மதித்தார். நான் முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் என்பதால் பொதி கட்ட என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். மேசையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஷிரினின் பெயர் ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் என் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. பெட்டிகளைக் கிழித்தேன். தகடுகளில் இருந்து குளிசைகளைத் தள்ளினேன், டக் டக்கென்று. எங்கள் தொழிற்சாலைப் போத்தல்கள் மூன்றை வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். விற்றமின் என்று பெரிதாக எழுதிய போத்தல்கள். அவற்றுக்குள் நிரப்பினேன்.

“பெட்டியோட அனுப்பினால் என்ன? டொக்டற்ற கடிதமும் இருக்கு” என்றாள் பர்வீன்.

“பெட்டிதான் காட்டிக்குடுக்கும். கடிதத்தையும் வைக்காத. எனக்குத் தெரியும்” என்றேன். “கேட்டால் விற்றமின் எண்டு சொல்லச் சொல்லு.”

பெருமையாகக்கூட இருந்தது, சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் கழித்து என் படிப்பு ஒரு பிள்ளைக்கு உதவுகிறதே என்று, கிழித்த பெட்டிகளைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

விமானம் மாறும் இடத்தில் முதியவரின் பையைத் திறந்திருக்கிறார்கள். விற்றமின் என்றார். உத்தியோகத்தர் மூடியைத் திறந்து பார்த்தார். போத்தலில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. முதியவர் பயந்து, உண்மையைச் சொன்னார்: மருந்துதான், ஒரு பிள்ளைக்கு. துண்டு எங்கே, பெட்டி எங்கே? இல்லை. மூன்று போத்தலையும் அவர் கண் முன்னால் தொட்டிக்குள் கொட்டினார்கள்.

அந்த உத்தியோகத்தர் கெட்டவர் இல்லையாம். முதியவரை இருத்தித் தண்ணீர் கொடுத்தாராம். கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: பெட்டியோடும் கடிதத்தோடும் வந்திருந்தால் நான் ஏன் மறிக்கப்போகிறேன், மருந்துக்குத் தடை இல்லையே.

நான்காவது முறை. இந்த முறை மட்டும் அது உண்மை.

பர்வீன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசையில் போய் இருந்தாள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

6

அபிராமியிடம் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்தாள்.

“அந்த அன்ரீட நம்பரைத் தா” என்றாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அபிராமி பர்வீனின் வீட்டில் இருந்தாள். ஷிராஸ் டொக்டரின் கடிதத்தை மொழிபெயர்த்து முத்திரை குத்துவித்தாள். சட்டத்தில் மருந்துக்கு விலக்கு இருக்கும் பக்கத்தை அச்செடுத்து மஞ்சள் பூசினாள். எங்கே எந்தக் கேள்வி கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதானே அவள் வேலை. இங்குள்ள டொக்டர் மறுபடி துண்டு எழுதிக் கொடுத்தார். பொதி கட்டும்போது நானும் போயிருந்தேன்.

“அம்மா, பெட்டியில கை வைக்காத” என்றாள். கையை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பொதி போய்ச் சேர்ந்தது. ஆனால் இரண்டு பொதிகளுக்கும் இடையில் ஐந்து கிழமை ஓடிவிட்டது. அந்த ஐந்து கிழமைக்குள் ஷிரின் பள்ளிக்கூடப் படியில் வலிப்பு வந்து விழுந்து, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். இந்தப் புதன்கிழமை பர்வீன் என் மேசைக்கு வந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். பிள்ளை குளிசைப் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறாள். அத்தையின் சிநேகிதிகளுக்கு நன்றி என்கிறாள். சிரிக்கும்போது மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். முன்பல் இரண்டும் படியில் போய்விட்டன.

பர்வீன் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டு உறுதிப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று ஞாயிறு. குகன் அண்ணை வந்தார். இந்த முறை சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அபிராமி தேத்தண்ணி போட்டாள். நான் கடதாசியைக் கொடுத்தேன். என் கையெழுத்து இல்லை. கடைசி வரியை மட்டும் பேனையால் குறுக்கே வெட்டியிருந்தேன்.

“என்ன தங்கச்சி இது? மருந்தையும் தடுக்கச் சொல்லுறியளோ?”

“இல்லை அண்ணை. பொய் சொல்லாதேங்கோ எண்டுறன். தடை கேக்கிறதெண்டால் மருந்தும் வராது எண்டு தெரிஞ்சு கேளுங்கோ. அந்த வரியைப் போட்டிட்டு நித்திரை கொள்ளாதேங்கோ.”

அவருக்கு முகம் சிவந்தது. அவருடைய கூடப்பிறந்த தம்பி கடைசி யுத்தத்தில் சரணடைந்தவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர் வீடு வீடாக ஏறி இறங்குவது எதற்கென்று எனக்குத் தெரியும்.

“அவங்களுக்கு வலிக்கவேணும் தங்கச்சி. வேற என்ன வழி இருக்கு எங்களிட்ட? சொல்லுங்கோ, அதைச் செய்யிறன்.”

ராசமலரின் கதையைச் சொன்னேன். குகன் அண்ணை அதற்கு முந்தியே வெளிநாடு வந்தவர். தலையைக் குனிந்து கேட்டார்.

“பாவம். அவங்கள் செய்த அநியாயம்” என்றார்.

“ஓம், அவங்கள்தான் தடை போட்டவங்கள். ஆனால் குளிசையை வெட்டினது நான்.”

“உத்தரவு வந்தால் நீங்கள் என்ன செய்யிறது?”

“எல்லாருக்கும் வெட்டு எண்டு உத்தரவு வரேல்லை அண்ணை. ஆருக்கு முழுசு, ஆருக்குப் பாதி எண்டு என்ர கையில விட்டவை.”

தேத்தண்ணித் தட்டோடு அபிராமி கதவடியில் நின்றுவிட்டாள். இதை நான் என் கணவருக்கும் சொன்னதில்லை.

“யன்னலில நிண்டு சண்டை பிடிச்சவைக்கு நான் முழுசு குடுத்தனான்” என்றேன். “ராசமலர் ஒருநாளும் சண்டை பிடிக்கேல்லை.”